காணிப் பத்திரங்களும் கையடக்க வன்தட்டும்

2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் ஒன்று எமது மக்கள் பலரின் தூக்கத்தைக் கெடுத்தது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியான அந்த அறிவித்தலில் வட மாகாணத்தின் 5,941 ஏக்கர் காணி குறிப்பிடப்பட்டிருந்தது. முல்லைத்தீவு மாவட்டத்தில் 1,703 ஏக்கர், கிளிநொச்சியில் 515 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் எவரும் உரிமை கோராத காணி அரச காணியாகக் கொள்ளப்படும் என்பதே அதன் சாரம். யூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; அரசும் அந்த அறிவித்தலைக் கைவிட்டது. ஆயினும் அந்த மூன்று மாதமும் வீடுகளில் எழுந்த கேள்வி சட்டத்தைப் பற்றியதல்ல. "உறுதி எங்கே? பெமிற் எங்கே?" என்பதுதான் கேள்வி.

வன்னியில் இதற்கு விடை சொல்வது எளிதன்று. 1995, 1996ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும், 2008இன் பிற்பகுதியில் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டு விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் வரை போனவர்களும் தங்கள் பத்திரங்களைப் பெரும்பாலும் ஒரே பையில்தான் வைத்திருந்தார்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, காணி உறுதி எல்லாமே ஒரு பொலித்தீன் உறைக்குள். பை தப்பினால் எல்லாம் தப்பும். பை போனால் எல்லாம் போகும். சிலர் நிழற்பிரதியும் எடுத்து வைத்திருந்தார்கள். அதுவும் அதே பைக்குள்தான். அவர்களைக் குறைகூற இடமில்லை. ஓடுகிற வேளையில் இரண்டு பை தூக்க எவருக்குக் கை இருந்தது?

இன்று இரண்டாவது பையை வேறிடத்தில் வைக்க வழி உண்டு. அதுதான் கணனியோடு இணைக்கும் கையடக்க வன்தட்டு. அதைப் பற்றிச் சொல்லுமுன் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மறுபிரதி வைக்கும் பழக்கம் கணனியோடு வந்ததல்ல. நொத்தாரிசு ஒருவர் உறுதி முடிக்கும்போது அது ஒன்றாக எழுதப்படுவதில்லை. மூலம் காணிக்காரர் கைக்குப் போகிறது. ஒரு பிரதி நொத்தாரிசின் சேமிப்பில் இருக்கிறது. இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுகிறது. கோயில் பதிவேடுகளுக்கும் இத்தகைய ஒழுங்கு இருந்தது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பங்குப் பதிவேடுகளின் பிரதியை ஆண்டுதோறும் ஆயர் பணிமனைக்கு அனுப்பும்படி பங்குக் குருவைப் பணித்தது. ஓரிடம் எரிந்தால் மற்ற இடம் பேசும் என்பதே இவற்றின் அடிப்படை. ஆனால் எல்லா இடமும் ஒரே போருக்குள் அகப்பட்டால் இந்த ஒழுங்கும் போதாது. பிரதியோடு தூரமும் வேண்டும்.

படத்துக்கு என்ன பெறுமதி?

"படம் எடுத்து வைத்தால் அது உறுதியாகுமா, சுவாமி?" என்று கேட்பார்கள். ஆகாது. கணனியில் உள்ள படம் மூலப்பத்திரத்துக்கு ஈடல்ல. ஆனால் மூலம் தொலைந்தபின் அதைத் தேடப் போகிறவருக்கு முதலில் வேண்டியது இலக்கங்கள். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், பதிவகத்தின் தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும், நில அளவைப் படத்தின் இலக்கம், அதில் உங்கள் துண்டின் இலக்கம். இவை கையில் இருந்தால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிப்பது ஒரு வேலை. இவை இல்லாமல் "அப்பாவின் பெயரில் வட்டக்கச்சியில் ஒரு காணி" என்று போய் நிற்பது வேறு வேலை.

பெமிற் காணிக்காரருக்கு இது இன்னும் முக்கியம். இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குளங்களின் கீழ்க் குடியேறிய குடும்பங்கள் பல 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரத்தை நம்பியே கமஞ் செய்கின்றன. அதற்கு நொத்தாரிசு இல்லை. உங்கள் கையில் ஒன்று, பிரதேச செயலகப் பேரேட்டில் ஒரு பதிவு, அவ்வளவுதான். பின்னுரித்தாளராக யாரைப் பதிந்தீர்கள் என்பதும் அந்தப் பதிவோடு தொடர்புடையதே. ஆகவே பெமிற்றின் முன்பக்கத்தோடு பின்பக்கக் குறிப்புகளையும் படம் எடுக்காமல் விடவேண்டாம்.

படம் எடுக்கக் கைத்தொலைபேசியே போதும். விறாந்தையில், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், பத்திரத்தை மேசையில் மட்டமாக விரித்து, நான்கு மூலையும் தெரிய எடுங்கள். இறப்பர் முத்திரையும் கையொப்பமும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று பெருப்பித்துப் பாருங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பி வாங்கிச் சேமிப்பது நல்ல வழியல்ல. அது படத்தைச் சுருக்கிவிடும். மங்கிய இலக்கம் பின்பு வாசிக்க வராது. வயரினால் நேரே கணனிக்கு மாற்றுவதே சிறந்தது.

வன்தட்டு எப்படி வேலை செய்கிறது?

கடைக்காரர் 'எக்ஸ்ரேனல் ஹாட் டிஸ்க்' என்பார். சிறிய செபப்புத்தகம் அளவான பெட்டி, யு.எஸ்.பி. வயரினால் கணனியோடு இணையும். தனி மின்சாரம் வேண்டியதில்லை. ஒரு ரெராபைற் கொள்ளளவு என்பது பத்து இலட்சம் மெகாபைற். ஒரு பக்கத்தின் படம் மூன்று மெகாபைற் என்று வைத்தால், ஒரு குடும்பத்தின் நூறு பக்கம் முந்நூறு மெகாபைற். அப்படியானால் ஒரு தட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் பத்திரங்கள் அடங்கும். ஆகவே ஒவ்வொரு வீடும் இதை வாங்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒரு மாதர் சங்கம், ஒரு கமக்காரர் அமைப்பு இரண்டு தட்டு வாங்கினால் கிராமம் முழுவதற்கும் போதும். இரண்டு என்பதை அழுத்திச் சொல்கிறோம்.

பெட்டிக்குள் காந்தப் பூச்சுள்ள தட்டு இருக்கிறது. இவ்வகைச் சிறிய பெட்டிகளில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 தடவை சுழலும். எழுதும் தலை அதைத் தொடுவதில்லை. தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த இடைவெளியில் மேலே மிதக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது தட்டினாலோ விழுந்தாலோ தலை தட்டில் உரசி, எழுதியதெல்லாம் பாழாகும். அதனால்தான் வயரைச் சட்டென்று பிடுங்காமல், கணனியில் 'இஜெக்ட்' கொடுத்து, சுழற்சி நின்றபின் கழற்றச் சொல்கிறார்கள். சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. என்ற வகையும் உண்டு, விழுந்தால் தாங்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் மின் கொடுக்காமல் பூட்டி வைத்தால் அதில் உள்ளவை மங்கிப்போகக் கூடும். பெட்டிக்குள் வைத்து மறக்கிற எமது பழக்கத்துக்கு அது அவ்வளவு ஏற்றதல்ல.

இனி, அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. தொலைபேசியில் இடம் போதவில்லை என்று படங்களை எல்லாம் 'கட்' செய்து வன்தட்டில் இட்டுவிட்டு, "பக்அப் எடுத்தாயிற்று" என்கிறார்கள். அது பக்அப் அல்ல, இடமாற்றம். முன்பும் ஒரு பிரதி, இப்போதும் ஒரு பிரதி. 'கொப்பி' செய்யவேண்டும், இருந்த இடத்திலும் இருக்கவேண்டும், புதிய இடத்திலும் இருக்கவேண்டும்.

வன்தட்டை நாள்முழுதும் கணனியோடு பூட்டியே வைத்திருப்பதும் ஆபத்தானது. இதற்குச் சான்று எமது நாட்டிலேயே உண்டு. அரசாங்க மின்னஞ்சல்களைத் தாங்கிய 'லங்கா கவர்மென்ற் கிளவுட்' என்ற கணனித் தொகுதியை 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி கப்பம் கோரும் வைரஸ் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்புக்குப் பணம் கேட்கும் வைரஸ் அது. தொகுதியோடு இணைந்திருந்த மறுபிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. கழற்றித் தனியே வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. ஐயாயிரம் அளவிலான அரச முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் ஒன்று. பெரிய கட்டடமும் பொறியியலாளரும் இருந்த இடத்தின் கதை இது. கொமினிக்கேசன் கடைக் கணனியில் எத்தனை பேரின் பென் டிரைவ் வந்து போகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அங்கே வன்தட்டைச் செருகவே வேண்டாம். நம்பக்கூடிய ஒரு கணனியில் இணைத்து, கொப்பி செய்து, இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்து, கழற்றிவிடுங்கள்.

எங்கே வைப்பது?

கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. விதைநெல்லை ஒரே கொட்டிலில் முழுவதும் வைப்பவர் இல்லை. ஒரு மூடை தங்கை வீட்டில் இருக்கும். சிரியாவின் அலெப்போவுக்கு அருகே ஐகார்டா என்ற ஆய்வு நிலையம் வரண்ட நிலத்துக்குரிய கோதுமை, பார்லி, பருப்பு வகைகளின் விதைகளைச் சேர்த்து வைத்திருந்தது. நோர்வேயின் வடகோடியில், ஸ்வால்பார்ட் தீவில், 2008இல் திறந்த விதைக் களஞ்சியத்துக்கு அவ்விதைகளின் மறுபிரதியை அது அனுப்பி வந்தது. பின்பு போர் வந்து தன் களஞ்சியத்தைப் பயன்படுத்த முடியாமற் போனபோது, 2015இல் அங்கிருந்து விதைகளைத் திருப்பி எடுத்து, லெபனானிலும் மொறொக்கோவிலும் விதைத்துப் பெருக்கியது. 2017இல் புதிய விதையை மறுபடி ஸ்வால்பார்ட்டில் வைத்தது. அவர்களும் இடம்பெயர்ந்த கமக்காரர்தான்.

ஆகவே ஒரு தட்டு கிராமத்தில் இருந்தால், மற்றது வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூடிய வெள்ளத்தை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே வாய்க்காலின் கீழ் இரண்டு தட்டையும் வைப்பது ஒரே பையில் வைப்பதற்குச் சமம். வெளிநாட்டில் பிள்ளை இருந்தால் அவரிடம் இன்னொன்று இருப்பது நல்லது.

தகரக் கூரைக்குக் கீழே உயரத்தில் வைக்க வேண்டாம். வெக்கை தட்டுக்கு எதிரி. இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொதி இரண்டு போட்டு வையுங்கள். காலபோக விதைப்புக்கு முன் ஒருமுறையும் சிறுபோகம் வெட்டியபின் ஒருமுறையும் இணைத்துத் திறந்து பாருங்கள். நாலைந்து ஆண்டுக்கு மேல் ஒரே தட்டை நம்ப வேண்டாம். பழையது ஓடும்போதே புதியதற்கு மாற்றுங்கள்.

பொதுத் தட்டு என்பதால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. அடையாள அட்டை இலக்கமும் காணி விபரமும் தவறான கைக்குப் போனால் காணியே போகலாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி உறை. தட்டு முழுவதற்கும் கடவுச்சொல். அந்தச் சொல் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவர் இல்லாத நாளில் எவராலும் திறக்க முடியாது. எனவே சங்கத் தலைவரும் பொருளாளரும் தனித்தனியே கடிதவுறையில் ஒட்டி வைத்திருக்கட்டும். எந்த நிறுவனம் வந்து கேட்டாலும், எமது நிறுவனமாகவே இருந்தாலும், முழுத் தட்டையும் கொப்பி செய்யக் கொடுக்க வேண்டாம். கேட்கப்படும் பத்திரத்தை, உரிய குடும்பத்தின் சம்மதத்தோடு மட்டும் கொடுங்கள். பெட்டியின் மூடியில் காணிக்காரர் பெயர் எதுவும் வேண்டாம்; கடைசியாகத் திறந்து பார்த்த திகதியும் அடுத்து பார்க்கவேண்டிய மாதமும் எழுதி ஒட்டினால் போதும்.