சேலைக்கு முத்திரை பார்க்கிறீர்கள்... வைத்தியத்துக்கு?

எங்கள் காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வருகிறவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஜரிகையை உரசிப் பார்ப்பார்கள். மத்திய பட்டு வாரியம் 2004-ல் கொண்டுவந்த 'சில்க் மார்க்' முத்திரை இருக்கிறதா என்று கேட்பார்கள். அவர்களே முழங்கால் வலிக்கு வைத்தியரைத் தேடும்போது, "எதிர்வீட்டு மாமி சொன்னாங்க" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது!

வைத்தியத்துக்கும் தரச் சான்று உண்டு. இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் உள்ள என்.ஏ.பி.எச். அமைப்பு அதைத் தருகிறது. பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். சின்ன கிளினிக்குகளுக்கும், சித்தா, ஆயுர்வேத மருத்துவமனைகளுக்கும் தனித்தனி விதிமுறைகள் இருக்கின்றன. இது கட்டாயமில்லை, விரும்பி விண்ணப்பிப்பது. அரசிடம் பதிவு செய்வது வேறு விஷயம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களுக்கான சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. அதன் விதிகள் வந்தது 2018-ல். 21 வருஷம்!

சான்று தர வருகிறவர்கள் டாக்டர் கைராசிக்காரரா என்று பார்ப்பதில்லை. கை கழுவ வசதி உண்டா, தொக்கணத்துக்கு முன் நோயாளியின் சம்மதம் கேட்கிறார்களா, புகார் சொல்ல வழி இருக்கிறதா, சிகிச்சைக் குறிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நோய் குணமாகும் என்ற உத்தரவாதம் அதில் கிடையாது.

என்னைக் கேட்டால், அந்தக் குறிப்புதான் உயிர்நாடி. தறிக்குழியில் நாள் முழுக்க உட்காரும் நெசவாளிக்கு இடுப்பு வலி. யாரோ பொட்டலத்தில் மடித்துக் கொடுத்த பொடியை மாசக்கணக்கில் சாப்பிடுகிறார். வலி பறந்துவிடுகிறது. பிறகு முகம் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனால், "என்ன மருந்து சாப்பிட்டீங்க?" என்ற கேள்விக்குப் பதில் இல்லை. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. சரியாகச் சுத்தி செய்யாத பாதரசம் இருந்தால் சிறுநீரகம் கெடும். எதுவென்று தெரியாமல் அந்த டாக்டர் என்ன செய்வார், பாவம்!

"சித்த மருந்துதானே, பக்கவிளைவே கிடையாது" என்பது சுத்தத் தப்பு. அப்படியானால் அளவு, அனுபானம், பத்தியம் என்று நாங்கள் ஏன் இவ்வளவு கறார் பண்ணுகிறோம்?

ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். சித்த வைத்தியர் என்றால் தமிழ்நாடு சித்த மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன? கடையில் வாங்கும் மருந்தில் சேர்மானம், உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி அச்சாகியிருக்கிறதா? வைத்தியரே தயாரித்துத் தருகிறாரா, மருந்தின் பெயரையும் அளவையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். "அதெல்லாம் பரம்பரை ரகசியம்" என்றால், எழுந்து வந்துவிடுங்கள்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்தச் சீட்டையும் கையோடு எடுத்து வாருங்கள். நாங்களும் பார்க்க வேண்டும்.