ஸ்பீட் டெஸ்ட்டில் 100 எம்பிபிஎஸ் காட்டியும் வீடியோ கால் திக்குவது ஏன்?

ஆன்லைன் இன்டர்வியூ நடந்துகிட்டு இருக்கு. அதே வைஃபையில் பக்கத்து ரூம் போனில் போட்டோ, வீடியோ எல்லாம் பேக்கப் ஆக ஆரம்பிக்குது. அவ்வளவுதான், குரல் விட்டு விட்டு கேட்குது, முகம் அப்படியே உறைஞ்சு நிக்குது. கால் கட் ஆன பிறகு ஸ்பீட் டெஸ்ட் போட்டா 100 எம்பிபிஎஸ்! அப்போ சிக்கல் எங்கே?

எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடியில் எவ்வளவு டேட்டா வரும் என்ற கணக்கு. அந்த டேட்டா போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பது வேற கணக்கு. இதற்குப் பெயர் லேட்டன்சி. வீடியோ காலுக்கு சில எம்பிபிஎஸ் இருந்தாலே போதும். லேட்டன்சி எகிறினால்தான் பேச்சு திக்கும்.

லேட்டன்சியை அளக்கும் 'பிங்' கருவிக்கு வயசு 40-க்கு மேல. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த மைக் மூஸ், நெட்வொர்க் கோளாறு ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரே ராத்திரியில் எழுதிய சின்ன புரோகிராம் அது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் சத்தம்தான் பெயருக்குக் காரணம். வேடிக்கை என்னன்னா, முதல் 'பிங்' கிளம்புறதுக்கு முன்னாடியே அந்தக் கோளாறு சரியாகிடுச்சு!

பஃபர்ப்ளோட் என்றால் என்ன?

2010-ல் ஜிம் கெட்டிஸ் என்ற இன்ஜினியர் வீட்டிலிருந்து பெரிய ஃபைல்களை அனுப்பிக்கொண்டே பிங் போட்டுப் பார்த்தார். சாதாரணமா மில்லி செகண்டில் வரவேண்டிய பதில், ஒரு செகண்டுக்கு மேல் தாமதமா வந்தது.

ஒரே ஒரு டாக்டர் இருக்கும் கிளினிக்கை நினைச்சுப் பாருங்க. வெயிட்டிங் ஹாலை எவ்வளவு பெரிசாக்கினாலும் டாக்டர் பார்க்கும் வேகம் மாறாது, காத்திருக்கும் நேரம்தான் நீளும். ரவுட்டருக்குள்ளும் 'பஃபர்' என்று இப்படி ஒரு ஹால் இருக்கு. மெமரி விலை குறைஞ்சதும் கம்பெனிகள் அதைப் பெரிசாக்கிட்டே போனாங்க. 'ஹவுஸ்ஃபுல்' போர்டு மாட்டினால்தான் டேட்டா அனுப்புற பக்கம் வேகத்தைக் குறைக்கும். ஹால் நிறையவே நிறையாததால் போட்டோ பேக்கப் முழுசும் வரிசையில் நிக்குது, உங்க குரல் அதுக்குப் பின்னாடி நிக்குது. இதைத்தான் கெட்டிஸ் 'பஃபர்ப்ளோட்' என்றார்.

பழைய ஸ்பீட் டெஸ்ட்கள் லைன் காலியா இருக்கும்போது பிங் எடுத்து, அப்புறம்தான் டவுன்லோடைத் தொடங்கும். ஹால் காலியா இருக்கும்போது போய் "கூட்டமே இல்லையே" என்று சொல்வது போலத்தான்.

சரியா அளப்பது எப்படி?

லைன் முழுக்க நிரம்பியிருக்கும்போதும் லேட்டன்சியை அளக்கணும். ஆப்பிள் 2021-ல் மேக் கம்ப்யூட்டர்களில் 'நெட்வொர்க் குவாலிட்டி' என்ற கருவியைச் சேர்த்தது. நிமிஷத்துக்கு எத்தனை முறை டேட்டா போய்த் திரும்புது என்று அது சொல்லும். பெரிய நம்பர்தான் நல்லது.

போனில் பார்க்கணும்னா நெட்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட் டாட் காம் போதும். டெஸ்ட் முடிஞ்சதும் கூடுதல் விவரங்களைத் திறங்க. 'அன்லோடட்', 'லோடட்' என இரண்டு லேட்டன்சி இருக்கும். முதலாவது 20, இரண்டாவது 400 என வந்தால் வேகமான பிளானுக்கு மாறுவதற்கு முன் ரவுட்டரைக் கவனிங்க. சில ரவுட்டர் செட்டிங்கில் 'எஸ்க்யூஎம்' இருக்கும். வரிசை நீளாம பார்த்துக்கிற வசதி அது.

மொபைல் டேட்டாவில் டெஸ்ட் போடுறவங்க கவனத்துக்கு: 100 எம்பிபிஎஸ் வேகத்தில் 10 செகண்ட் ஓடினாலே 125 எம்பி காலி.