பனையின் வட்டுக்கு நீர் ஏற்றுபவர் யார்?

பல ஆண்டுகளுக்கு முன், பாடசாலைத் தோட்டத்தில் மாணவரைக் கொண்டு மிளகாய் நாற்று நடுவித்தோம். நேரமோ நண்பகல். மாணவர் நாற்றுமேடையிலிருந்து நாற்றுக்களை இழுத்துப் பிடுங்கி நட்டு, நீரும் ஊற்றினர். மாலையில் அத்தனையும் தலைசாய்ந்து கிடந்தன. நீர் ஊற்றாது ஏமாற்றிவிட்டார்கள் என்று நாம் அவர்களைக் கடிந்துகொண்டோம். மண்ணைத் தொட்டுப் பார்க்கவும் நமக்குத் தோன்றவில்லை. குற்றம் யாருடையது என்பதனை அறியவேண்டின், செடி நீர் பருகும் முறையை அறிதல் வேண்டும்.

பனை 30 மீற்றர் வரை உயர வல்லது. நிலத்தில் வைத்த உறிஞ்சு பம்பியோ, எவ்வளவு வலியதாயினும், ஏறத்தாழ 10 மீற்றருக்கு மேல் நீரை உறிஞ்சி உயர்த்தமாட்டாது. வளிமண்டல அமுக்கத்தின் வலிமை அவ்வளவே. அவ்வாறாயின் பனையின் வட்டுக்கு நீரை ஏற்றுபவர் யார்?

தண்டிலுள்ள உயிர்க்கலங்களே ஏற்றுகின்றன என முன்னர்ச் சிலர் கருதினர். ஜேர்மனியில் ஆய்வு நடத்திய எடுவார்ட் ஸ்ற்ராஸ்பேர்கர், 1890களின் தொடக்கத்தில், வெட்டிய மரங்களின் அடியை நஞ்சுக் கரைசலில் வைத்துப் பார்த்தார். நஞ்சு சென்ற வழியெங்கும் கலங்கள் இறந்தன. ஆயினும் கரைசல் ஏறிக்கொண்டேயிருந்தது. இலைகள் இறந்த பின்னரே ஏற்றம் நின்றது.

1894 இல் டப்ளின் நகரத்து அறிஞரான ஹென்றி டிக்சனும் ஜோன் ஜோலியும் இதற்கு விளக்கங் கூறினர். இலைவாய்களினூடாக நீர் ஆவியாகி நீங்குந்தோறும், அதன் இடத்தை நிரப்ப அடுத்துள்ள நீர் இழுபடுகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிநிற்பவை. ஆதலின் காழ்க்கலன்களில் வேர் முதல் இலை வரை நீர் அறாத கயிறுபோல் நிற்கிறது. மேல்நுனி இழுபட, கயிறு முழுவதும் உயர்கிறது. இழுப்பவன் கதிரவன். மரம் இதன்பொருட்டுத் தன் சக்தியைச் செலவிடுவதில்லை.

கனியுப்புக்களின் கதை வேறு. அவற்றை வேர்க்கலங்கள் தம் சக்தியைச் செலவிட்டே உள்ளெடுக்கின்றன. அச்சக்தி சுவாசத்தாற் கிடைப்பது. அதற்கு மண்ணிற் காற்று வேண்டும். நீர் தேங்கிய பாத்தியிற் செடி மஞ்சளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உட்புகுந்த உப்புக்கள் காழ்க்கலன்களில் நீரோடு மேலேறுகின்றன.

இனி நம் நாற்றுக்களிடம் வருவோம். செடி நீரைப் பெரிதும் உள்ளெடுப்பது மென்மையான வேர்மயிர்களால். இழுத்துப் பிடுங்கியபோது அவை அறுந்தன. மேலே வெயில் நீரை இழுத்துக்கொண்டிருந்தது; கீழே மண் நனைந்திருந்தும், போதிய நீர் உட்புக வழியில்லை. நாற்றுமேடையை நனைத்து, வேரோடு மண்ணுஞ் சேர எடுத்து, வெயில் தாழ்ந்தபின் நட்டுச் சில நாள் நிழலுங் கொடுத்திருப்பின் அவை பிழைத்திருக்கும். தோட்டஞ் செய்வோர் வழிவழியாக அறிந்த இதனைப் பட்டம் பெற்ற நாம் மறந்திருந்தோம்.

மறுநாள் வகுப்பில் மாணவரிடம் நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். அன்று மாலையே அவர்கள் மீண்டும் நாற்று நட்டனர். இம்முறை அவை தேறின. வீட்டிற் செடி நடும் பிள்ளைகளும் இதனை நினைவிற் கொள்க: நீர் ஊற்றினால் மட்டும் போதாது, அதனைப் பருகும் வேரையுங் காத்தல் வேண்டும்.