எண்ணை மாற்றினார்... வீட்டுக்கு போலீஸ் வந்தது!

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில், 2018 ஏப்ரலில் ஒரு நாள் காலை, பெற்றோருடன் வசித்துவந்த 19 வயது இளைஞர் ஒருவரின் வீட்டுக்குள் சுமார் 15 போலீஸார் நுழைந்தார்கள். கம்ப்யூட்டர்கள் பறிமுதல், இளைஞர் கைது. அப்படி என்ன செய்தார்? இணைய முகவரியின் கடைசியில் இருந்த ஓர் எண்ணை மாற்றினார். அவ்வளவுதான்!

அது நோவா ஸ்கோஷியா மாகாண அரசின் தகவல் உரிமை இணையதளம். ஆசிரியர்கள் போராட்டம் தொடர்பான ஆவணங்களைத் தேடிப் போனவர், ஒவ்வொரு ஆவணத்தின் முகவரியும் ஓர் எண்ணில் முடிவதைக் கவனித்தார். எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டி, எல்லாவற்றையும் இறக்கும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதி ஓடவிட்டார். சுமார் 7,000 ஆவணங்கள் வந்து விழுந்தன. பொதுமக்களுக்கானவை என்று அவர் நினைத்த அந்தக் குவியலில், தனிநபர்களின் ரகசிய விவரங்கள் அடங்கிய சுமார் 250 ஆவணங்களும் இருந்தன.

பூட்டாத அலமாரி அரசுடையது. கைவிலங்கு மட்டும் பையனுக்கு! நல்லவேளையாக, மே மாதமே வழக்கு இல்லை என்று போலீஸ் அறிவித்துவிட்டது.

முகவரியில் வரும் அந்த எண்ணை 'பாராமீட்டர்' என்பார்கள். ஆயிரம் பேருக்கு ஆயிரம் பக்கம் தயாரிக்க முடியாதே! பக்கம் ஒன்றுதான். எண்ணைப் பார்த்து, அதற்குரிய தகவலை எடுத்து நிரப்பிக் கொடுக்கும் சர்வர். வசதியான ஏற்பாடுதான். ஆனால், 'கேட்பவர் யார், இதைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டா?' என்று ஒவ்வொரு முறையும் சர்வர் சோதிக்க வேண்டும். இல்லையென்றால், ரேஷன் கடையில் கார்டு நம்பரைச் சொன்ன யாருக்கும் சர்க்கரையை அளந்து கொடுத்த கதைதான்.

2019-ல் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத்திலும் இதே ஓட்டை. வீட்டுக்கடன் பத்திரங்கள், வங்கிக் கணக்கு விவரங்கள் என சுமார் 88.5 கோடி ஆவணங்கள் திறந்து கிடந்தன.

சிலர் எண்ணுக்குப் பதிலாக, யூகிக்க முடியாத நீளமான எழுத்துக் கோவையை வைக்கிறார்கள். யூகிப்பது கடினமாகும், உண்மைதான். ஆனால், அந்த லிங்க் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வேர்டு ஆனால் போதுமே! லாகின் செய்தவருக்கு உரியதுதானா என்ற சோதனையை அது ஈடுசெய்யாது.

பிள்ளையின் மார்க் ஷீட், அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் என்று லிங்க் வந்தால், லாகின், ஓ.டி.பி. எதுவும் கேட்காமல் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால், அனுப்பியவர்களிடம் கேளுங்கள். எண்ணை மட்டும் மாற்றிப் பார்க்காதீர்கள்!