பழந்துப்பாக்கியைப் படிக்கும் முறை

இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தைக் காணச் செல்லும் நாம், சுவரோவியங்களில் மனத்தைப் பறிகொடுத்து, அங்குள்ள ஆயுதங்களை ஒரே பார்வையில் கடந்துவிடுகிறோம். பழந்துப்பாக்கியும் கல்வெட்டைப் போன்றதே. படிக்கத் தெரிந்தால் வரலாறு சொல்லும். அது முதலில் செய்தபடியே உள்ளதா, பின்னர் மாற்றப்பட்டதா என்பதே நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

எடுத்துக்காட்டாக, 1857-ஆம் ஆண்டுப் புரட்சியில் கொழுப்புத் தடவிய தோட்டாவால் பெயர்பெற்ற என்பீல்டு துப்பாக்கியைக் கொள்வோம். 1853-இல் உருவான மாதிரி இது. குழல் நீளம் 39 அங்குலம். அதனைக் கட்டையோடு பிணைப்பவை மூன்று பட்டைகள். துளை 0.577 அங்குலம், அதனுள் மூன்று புரிகள். புரிகள் குண்டைச் சுழலச் செய்வதால் குறி நெடுந்தொலைவும் பிசகாது. தூரத்திற்கேற்ப உயர்த்தும் அளவுச் சட்டமும் குழல்மேல் உண்டு.

புரட்சிக்குப்பின் ஆங்கில அரசு என்ன செய்தது தெரியுமா? இந்தியச் சிப்பாய்களுக்கென, புரிகளைக் கடைந்து நீக்கி, துளையை 0.656 அங்குலமாக்கியது. அளவுச் சட்டத்தின் இடத்தில் அசையாத குறிக்கட்டை ஒன்றை வைத்தது. குறி தவறும் துப்பாக்கியே இந்தியனுக்குப் போதும் என்பது அதன் பொருள்!

ஆகவே துளை வழவழப்பாயிருந்தால், குறி அமைப்பையும் பாருங்கள். இரண்டும் ஒருசேர மாறியிருப்பின், அது அரசின் கைவேலையாக இருக்கக்கூடும். துளை மட்டும் மாறி, அளவுச் சட்டம் அப்படியே இருந்தால் பிற்காலக் கையை ஐயுறலாம். குழல் குட்டையாயிருப்பது மட்டும் சான்றாகாது. 33 அங்குலக் குழலும் இரு பட்டைகளும் கொண்ட வகையும் முறைப்படி செய்யப்பட்டதே. முனை அறுக்கப்பட்ட தடம், இடம்பெயர்ந்த முன்குறி, ஒன்றோடொன்று பொருந்தாத எண்கள் ஆகியவற்றைச் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. வங்காளத்து இச்சாப்பூர் தொழிற்சாலை, 0.303 லீ-என்பீல்டுகளின் புரிகளை நீக்கி 0.410 அங்குலத் துளையாக்கிக் காவலர்களுக்கு அளித்தது. தோட்டா அறையையும் மரக்கட்டையால் அடைத்ததால், ஒவ்வொரு தோட்டாவாகவே இடமுடிந்தது.

எனவே, மாற்றப்பட்டது என்பதாலேயே ஒரு துப்பாக்கி மதிப்பிழந்ததாகாது. சில வேளைகளில் அந்த மாற்றமே வரலாற்றுச் சான்று. ஆனால் ஆயுத பூசைக்கென்று உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் ஒரு மாற்றமே என்பதை மறந்துவிடுகிறோம். துருவோடு முத்திரையும் எண்ணும் போய்விட்டால், பின்னர் அதனைப் படிக்க எவராலும் இயலாது. பழம்பொருளைப் பளபளப்பாக்குவதைவிட, உள்ளபடியே காப்பதே நம் கடமையாகும்.