ஆவி பட்டால் கவசமாகும் துணி... தெரியுமா?

கையில் எடுத்தால் கம்பளி மாதிரி துவண்டு விழும் ஒரு வெள்ளைத் துணி. ஆவி இஸ்திரியைக் காட்டுங்கள்: சில நிமிடங்களில் கிரீடமாக, முகமூடியாக, யானைத் தலையாக விறைத்து நிற்கும்! அதன் பெயர் ஃபாஸ்ஷேப். டெல்லி போல வேஷம் கட்டும் ஊருக்கென்றே பிறந்த துணியோ என்று தோன்றும்!

ராவணனுக்கென்றே டெல்லியில் ஒரு சந்தை உண்டு, தெரியுமா?

மேற்கு டெல்லி திதார்பூரில் தசராவுக்கு முன் தெருவெல்லாம் ராவணத் தலைகள்தான்! மூங்கில் பிளாச்சுகளைக் கட்டி, பழைய சேலை சுற்றி, மேலே பசை தடவிக் காகிதம் ஒட்டுகிறார்கள். பசை காய்ந்ததும் துவண்ட சேலை ராவணனின் விறைத்த தோலாகிவிடும்.

பசையே இல்லாமலும் துணி விறைக்கும், தெரியுமா?

சாதாரண பாலியெஸ்டர் உருக சுமார் 250 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஃபாஸ்ஷேப்பின் பாலியெஸ்டர் இழைகளோ 100 டிகிரியை ஒட்டியே இளகும். இளகிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஆறினால் இறுகும். பசையின் வேலையை இழையே பார்த்துக்கொள்கிறது!

உங்கள் பேன்ட் மடிப்பும் இதற்கு உறவு, தெரியுமா?

1941-ல் பிரிட்டனில் வின்ஃபீல்டும் டிக்சனும் உருவாக்கிய பாலியெஸ்டர்தான் டெரிலீன். சூட்டில் பிடித்த வடிவத்தை அது விடாது. டெரிலீன் கலந்த டெரிகாட்டன் பேன்ட் துவைத்த பிறகும் கத்தி முனை மடிப்போடு நின்றது அதனால்தான்!

ஃபாஸ்ஷேப் தானாகவே அச்சைக் கவ்வும், தெரியுமா?

மர அச்சின் மேல் துணியைத் தொப்பி போலத் தளர்வாகத் தைத்து மாட்டுகிறார்கள். சாதாரணத் தையல் மிஷினே போதும். இஸ்திரியை ஒட்டாமல் அருகில் பிடித்து ஆவி விட்டால், சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறையும். துணி சுருங்கி மூக்கு, கன்னம், புருவம் என அச்சை இறுகப் பிடிக்கும். சுருங்கும் என்பதால் வெட்டும்போதே பெரிதாக வெட்டவேண்டும். ஆறியதும் விரலால் தட்டினால் ‘டொக் டொக்’!

மிச்சத் துண்டுகூட வீணாகாத ஒரு பொருளும் உண்டு, தெரியுமா?

துணியல்ல, தகடு, பெயர் வோர்ப்லா. சுமார் 90 டிகிரியில் இளகும். வெட்டிய துண்டுகளை மறுபடி சூடாக்கிப் பிசைந்தால் கொம்பு, பல், நகம் எல்லாம் செய்யலாம்!

டெல்லியில் வேஷத்துக்கு ஓய்வே இல்லை, தெரியுமா?

ஸ்ரீராம் பாரதிய கலா கேந்திரா 1957 முதல் ராமாயண நாட்டிய நாடகம் நடத்திவருகிறது. சாந்தினி சவுக்கின் கினாரி பஜாரில் ஜரிகை குவிந்து கிடக்கும். 2011 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் காமிக் கான் விழா நடந்ததும் டெல்லி ஹாட்டில்தான்! கார்ட்டூன் நாயகர்களாக வேஷமிட்டு வரும் இளைஞர்களுக்கு இத்தகைய பொருட்கள் பெரிய வரம்.

தசராவில் எரிக்கும் ராவணனுக்கு மட்டும் ஃபாஸ்ஷேப் ஏன் கூடாது, தெரியுமா?

பாலியெஸ்டர் எரிந்தால் உருகிச் சொட்டும். கெட்ட புகை கிளம்பும். எரியப் பிறந்தவனுக்கு மூங்கிலும் காகிதமுமே சரி. ஆனால் மணிக்கணக்கில் மேடையில் நிற்கும் ராமனுக்கும் அனுமனுக்கும் எடை குறைந்த, காற்றுப் புகும் முகமூடியும் கிரீடமும் எவ்வளவு பெரிய நிம்மதி! கழுத்து வலி இல்லாத நடிகரின் தலையசைவே தனி அழகு. வேஷம் தைக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இந்தத் துணிக்கு ஆவி காட்டிப் பார்க்கவேண்டும்!