முறை வைத்து எறியும் கை

முறை என்னுஞ் சொல் தமிழில் ஒரு பொருளோடு நின்றுவிடுவதன்று. ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒழுங்கும் முறையே. மன்னன் வழங்கும் நீதியும் முறையே. மாமன், மைத்துனன் எனக் கொண்டாடும் உறவும் முறையே. இம்மூன்றும் ஒரு சொல்லில் வந்து அடங்கியது தற்செயல் என்று யான் கருதவில்லை. அவரவர்க்குரிய வேளையை அவரவர்க்கு அளித்தலே நீதி. அந்நீதி நிலவும் இடத்திலேதான் உறவும் நிலைக்கும்.

திருகோணமலைக் கரையில் வாழ்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கரைவலைக்காரர் பலராய், வலை வளைக்கும் இடம் ஒன்றாய் இருப்பின், முறை வைத்தே தோணியைக் கடலில் தள்ளுவர். குளத்து நீர் குறைந்த காலத்தில் வயலுக்கு வயல் முறை வைத்தே நீர் பாய்ச்சுவர். ஆனால் மாலையில் பாடசாலை மைதானத்தை நோக்கினால், அம்முறை அங்கே காணப்படுவதில்லை. விரைந்து பந்து வீசும் மாணவன் ஒருவன் கிடைத்துவிட்டால், ஒரு முனை முழுவதையும் அவனுக்கே எழுதிக் கொடுத்துவிடும் வழக்கம் பல அணிகளில் உண்டு. அவ்வழக்கத்தைப் பற்றியே இங்கே சிறிது ஆராய விரும்புகிறேன்.

முறை வைத்தலை ஒரு கலையாகவே வளர்த்த ஆட்டம் ஒன்று உளது. 1944ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சரட்டோகா என்னும் விமானந்தாங்கிக் கப்பல் நம் துறைமுகத்தில் வந்து தங்கியது. அக்கப்பலோர் நாட்டில் பெரிதும் போற்றப்படுவது பேஸ்போல் ஆட்டம். அங்கே தலைமைக் குழு ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆறு மாதத்துள் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. எறிபவரின் தோள் இரும்பினால் ஆயதன்று; ஆகலின் ஐவரை வரிசைப்படுத்தி, இன்று எறிந்தவர் அடுத்து வரும் நான்கு நாளும் ஓய்ந்திருக்க, ஐந்தாம் நாள் மீண்டும் அவரை அழைப்பர். பருவம் முடியும் தறுவாயில், இறுதிச் சுற்றுக்குள் புகலாமா என்னும் ஆவல் முற்றும்போது, இவ்வரிசையைக் காப்பதா, வல்லவர் இருவரை மட்டுமே நம்புவதா என்னும் கேள்வி எழும்.

1948ஆம் ஆண்டில் பொஸ்டன் பிரேவ்ஸ் குழு இக்கேள்விக்கு விடை கண்டது. வாரன் ஸ்பான், ஜொனி செயின் என்போர் அதன் வல்ல எறிபவர். செப்டெம்பர் 6ஆந் தேதி ஒரே நாளில் நிகழ்ந்த இரண்டு ஆட்டங்களில் முன்னதை ஸ்பானும் பின்னதைச் செயினும் வென்று தந்தனர். அன்று தொட்டுப் பன்னிரண்டு நாள் அளவில் இருவருமாக எட்டு ஆட்டங்களை வென்றனர். இவ்விருவரையும் அனுப்பிவிட்டு, பின்னர் அவர்க்கு ஓய்வு கிடைக்க மழையை வேண்டி நிற்பதே வழி என்னும் கருத்தமைய உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவர் சிறு செய்யுள் எழுதினார். அச்செய்யுள் இன்றும் அந்நாட்டார் நாவில் வழங்குகின்றது.

ஆயினும் செய்யுளை விடுத்துக் கணக்கைப் பார்ப்போம். அவ்வாட்டத்தில் ஒவ்வொரு வெற்றியும் எறிந்தவர் ஒருவர் பெயரில் எழுதப்படும். அவ்வாண்டு அக்குழு பெற்ற வெற்றிகள் 91. செயின் பெயரில் 24, ஸ்பான் பெயரில் 15, ஆக 39. எஞ்சிய 52 வெற்றிகளும் பிறருடையன. வொய்செல், பிக்போர்ட் என்னும் இருவர் மட்டும் 24 வெற்றிகளை ஈட்டினர். செய்யுளில் இடம் பெறாத கைகளே பருவத்தின் பெரும்பகுதியைச் சுமந்தன. அவை சுமந்திராவிடின் செப்டெம்பரில் எட்டிப் பிடிக்க ஒரு நம்பிக்கையும் எஞ்சியிராது.

கடல் கடந்த கதை போதும். நம்மவர் அறிந்த ஒன்றைக் காண்போம். 2010ஆம் ஆண்டு ஐ.பி.எல். துடுப்பாட்டப் போட்டியில் எட்டு அணிகள் ஆடின. அணிக்குப் பதினான்கு ஆட்டங்கள். முதல் நான்கு அணிகளுக்கே அரையிறுதி. சென்னை சுப்பர் கிங்ஸ் அணி முதல் ஏழு ஆட்டங்களில் ஐந்தைத் தோற்றது. மார்ச் 21ஆந் தேதி சென்னையில் பஞ்சாப் அணியுடன் ஆடிய ஆட்டம் சமனாகி, சுப்பர் ஓவரில் கைநழுவியது. அதன் பின்னர் இளைஞரான அஸ்வின் சில ஆட்டங்களில் சேர்க்கப்படாது வெளியே அமர்ந்திருந்தார்.

இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் நான்கு ஓவருக்கு மேல் வீசலாகாது. எனவே ஐவரேனும் பந்து வீசியே தீரவேண்டும். முறை வைத்தலை இங்கே சட்டமே கற்பிக்கின்றது. வெளிநாட்டார் நால்வர்க்கு மேல் களமிறங்கலாகாது என்பது மற்றொரு விதி. ஆதலின் கண்டி தந்த முத்தையா முரளிதரனும் தம் இடத்துக்குப் பிற நாட்டு வீரரோடு முறை பார்க்க வேண்டியிருந்தது. பருவத்தின் நடுவே அவுஸ்திரேலியர் டக் பொலிஞ்சர் வந்து சேர்ந்தார், அஸ்வினும் திரும்பினார். வேகமும் சுழலும் மாறி மாறி வர, அணி நிமிர்ந்தது.

ஏப்ரல் 18ஆந் தேதி தர்மசாலாவில் இறுதிச் சுற்று ஆட்டம். எதிரணி அதே பஞ்சாப். வெல்ல வேண்டிய ஓட்டங்கள் 193. கடைசி ஓவரில் 16 ஓட்டங்கள் வேண்டியிருக்க, தலைவர் டோனி இரண்டு பந்துகள் மீதமிருக்கவே முடித்து வைத்தார். சென்னை, பெங்களூர், டில்லி, கொல்கத்தா ஆகிய நான்கு அணிகளும் தலா 14 புள்ளிகள் பெற்று நின்றன. ஓட்ட விகிதத்தினால் சென்னையும் பெங்களூரும் மட்டுமே உள்ளே புகுந்தன. தோற்ற ஆட்டத்திலும் சிக்கனமாக வீசிய பந்துவீச்சாளனின் பயன் அன்று விளங்கிற்று.

அரையிறுதியில் சென்னை எடுத்தது 142 ஓட்டங்களே. பொலிஞ்சர் 13 ஓட்டங்கள் கொடுத்து நான்கு விக்கெட்டுகளைச் சாய்க்க, டெக்கான் அணி 104 ஓட்டங்களுக்குச் சுருண்டது. ஏப்ரல் 25ஆந் தேதி இறுதியாட்டத்தில் மும்பையை 22 ஓட்டங்களால் வென்று சென்னை முதன்முறையாகக் கிண்ணம் ஏந்தியது. அன்று சென்னைக்காகப் பந்து வீசியோர் அறுவர். சச்சின் தெண்டுல்கரை வீழ்த்தியவர் பெரும் புகழ் படைத்தவர் அல்லர். ஜகாதி என்னும் இடக்கைச் சுழற்பந்தாளர். முரளிதரன் நான்கு ஓவரில் 17 ஓட்டங்களே கொடுத்தார். இலங்கைக்காக டெஸ்ட் ஆட்டங்களில் 44,000 பந்துகளுக்கு மேல் வீசி, அவ்வாண்டு ஜூலையில் காலியில் 800ஆவது விக்கெட்டைக் கண்டு விடைபெற்ற அப்பெருமகன், சென்னை அணியில் ஆறில் ஒருவராக நின்றார். வெளியே அமர்த்தப்பட்டிருந்த அஸ்வினோ பின்னாளில் 537 டெஸ்ட் விக்கெட்டுகளைக் குவித்தார்.

எதிரணியில் அன்று நின்ற லசித் மாலிங்கவையும் நினைவு கூர்தல் தகும். மறு ஆண்டாகிய 2011இல், முழங்கால் தேய்வினால், 27 வயதிலேயே அவர் டெஸ்ட் ஆட்டங்களை விட்டு விலகினார். குறுகிய ஆட்டங்களுக்கு மட்டும் தம் உடலைச் சேமித்துக்கொண்டமையால், 2014ஆம் ஆண்டில் இலங்கை இருபது ஓவர் உலகக் கிண்ணம் வென்றபோது அணித் தலைவராக நின்றார்.

இவர்கள் முதிர்ந்த உடலினர். மருத்துவர் சூழ வாழ்ந்தவர். பதினாறு வயது மாணவனின் நிலை வேறு. அவனுடைய முதுகெலும்பு இன்னும் வளர்ந்து முடியவில்லை. வேகப்பந்து வீசுபவன் முன்காலை ஊன்றும் ஒவ்வொரு தடவையும் தன் எடையின் பல மடங்கு பளுவைத் தாங்குகின்றான். அதே கணத்தில் முதுகை வளைத்துத் திருப்பவும் செய்கின்றான். ஓய்வின்றி இது தொடருமாயின், இடுப்பின்மேல் உள்ள எலும்பில் மயிரிழை போன்ற முறிவு தோன்றும். இளம் வேகப்பந்தாளர்க்கு மிகுதியும் நேர்வது இந்நோயே. அமெரிக்கப் பேஸ்போல் அமைப்பினர் 2014இல் வெளியிட்ட நெறிப்படி, 15, 16 வயதினர் ஒரு நாளில் 95 தடவைக்கு மேல் எறிதல் கூடாது. 76 அல்லது அதற்கு மேல் எறிந்தவர்க்கு நான்கு நாள் ஓய்வு வேண்டும். எறிதல் வேறு, ஓடி வந்து வீசுதல் வேறு; ஆயினும் எண்ணிப் பார்த்து ஓய்வளித்தல் இரண்டுக்கும் பொது.

வகுப்பறையிலும் இந்நிலை உண்டு. தமிழ்மொழித் தினப் போட்டி வந்தால் பேச்சுக்கும் கட்டுரைக்கும் நாடகத்துக்கும் ஒரே மாணவியின் பெயரை எழுதும் பாடசாலைகள் இல்லாமலில்லை. அவள் சோர்கின்றாள், அவளருகே இருப்பவளோ தன் முறை வராமலே பள்ளி வாழ்வை முடித்துக்கொள்கின்றாள். இழப்பு இருவர்க்கும் ஆம்.

ஆசிரியர்காள், பயிற்றுநர்காள்! ஆட்டக் குறிப்பேட்டில் ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் எழுதுகின்றீர்கள். அதன் ஓரத்தில் இன்னும் ஒரு வரிசை கீறுங்கள். அவ்வாரம் பயிற்சியிலும் ஆட்டத்திலுமாக அம்மாணவன் எத்தனை பந்துகள் வீசினான் என்பதை அதில் குறியுங்கள். பருவத்தின் தொடக்கத்தில், தோல்வி பெரிதாக உறுத்தாத ஆட்டங்களில், நான்காமவனுக்கும் ஐந்தாமவனுக்கும் பந்தைக் கொடுங்கள். அவர்கள் சில ஓட்டங்களை அதிகமாகக் கொடுக்கலாம், கொடுக்கட்டும். பருவத்தின் கடைசி ஆட்டம் வரும்போது வேகப்பந்தாளனின் தோள் நோவின்றி இருக்கும். அவன் களைத்த வேளையில் பந்தை வாங்கிக்கொள்ள வேறு கைகளும் ஆயத்தமாக இருக்கும்.